நூறு விதையில் தெரியும் வெள்ளாமை

தேவ்நாரில் மழைக்குப் பஞ்சமில்லை. ஜூன் மாதம் பிடித்தால் செப்டம்பர் வரை கோவண்டி ஸ்டேஷன் படிக்கட்டில் சேறு காய்வதில்லை. 2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. கோவில்பட்டிக் கரிசலில் ஒரு வருடம் முழுவதும் பெய்கிற மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர்தான். ஊரில் ஒரு வருடம் பெய்வதற்கும் அதிகமான மழை, இங்கே ஒரு பகலும் ஓர் இரவும் கொட்டிச் சாக்கடை வழியாகக் கடலுக்குப் போய்விட்டது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் தேவ்நாரிலும் கோவண்டியிலும் செம்பூரிலும் நிறையப் பேர் உண்டு. இறைச்சிக் கூடத்திலும் பஸ் டெப்போவிலும் பட்டறைகளிலும் உழைப்பவர்கள், அலுவலகங்களில் கணக்கு எழுதுபவர்கள் என்று பல தொழில். ஆனால் ஊரில் இவர்களில் பலருக்கும் சொத்து ஒன்றுதான். இரண்டு ஏக்கர் அல்லது மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். கிணறு கிடையாது. வானம் பார்த்த பூமி.

புரட்டாசி பிறந்தால் ஊரிலிருந்து பேச்சு வரும். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“எய்யா, மேகம் கூடுது, எறங்க மாட்டேங்குது. வெதை வாங்கணும், உரம் வாங்கணும், உழவுக்கு வேற குடுக்கணும்.”

“எவ்வளவும்மா வேணும்?”

“நீ அனுப்புறத அனுப்புய்யா. பெறகு பாத்துக்கிடலாம்.”

பணம் போய்ச் சேரும். எவ்வளவு வேண்டும் என்று கேட்ட மகன், என்ன விதை, எப்போது எடுத்தது, முளைக்குமா என்று கேட்பதில்லை. அந்தப் பணத்தில் உழவுக்கூலி முதலில் போகும். அடுத்து உரம். மிச்சத்தில் விதை. கையில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இரண்டு மரக்கால் கடன்.

மானாவாரியில் இந்த வரிசை தலைகீழானது. மூட்டை உரம் போட்டாலும் முளைக்காத விதைக்கு அது உதவாது. தோட்டப் பயிரென்றால் தவறைத் திருத்தலாம். தண்ணீர் பாய்ச்சலாம், மறுபடி விதைக்கலாம். மானாவாரியில் விதைப்புக்கான மழை ஒன்றிரண்டுதான் கிடைக்கும். அதில் பயிர் எழும்பவில்லை என்றால் அடுத்த விதைப்பு பின்தங்கிவிடும். கதிர் வரும் நேரத்தில் ஈரம் இருக்காது. விதை போட்ட நாள் முதல் மூன்று வாரத்துக்குள் பாதி முடிவு தெரிந்துவிடும்.

ரயில் பாதையில் மூன்று பண்ணைகள்

மும்பையிலிருந்து ஊருக்குப் போகிற நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏறியவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். புனே தாண்டியதும் மலை போய்விடும், பச்சையும் போய்விடும். சோலாப்பூர் வரும். மறுபடி கறுப்பு மண். பிறகு ரெய்ச்சூர். கடைசியில் மதுரை தாண்டினால் கோவில்பட்டி. ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட இந்தப் பாதையில் இந்தியாவின் மானாவாரி விவசாய ஆராய்ச்சிச் சரித்திரமே படுத்துக் கிடக்கிறது.

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901-ல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. பருத்திக்காக ஆரம்பித்த இடம். கருங்கண்ணிப் பருத்தியில் நல்ல ரகங்களைப் பொறுக்கி எடுத்தது இங்கேதான். சோலாப்பூர் நிலையம் 1933-ல் வந்தது. பஞ்சம் அடிக்கடி தலைகாட்டிய தக்காணத்தில், மழை குறைந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று கண்டுபிடிப்பதற்காக அந்த 1930-களில் சோலாப்பூர், பீஜப்பூர், ரெய்ச்சூர், ஹகரி, ரோட்டக் ஆகிய ஐந்து இடங்களில் நிலையங்கள் அமைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1970-ல் அகில இந்திய அளவில் மானாவாரி விவசாய ஆராய்ச்சித் திட்டம் உருவானபோது கோவில்பட்டியும் சோலாப்பூரும் அதில் சேர்ந்தன.

சோலாப்பூருக்கும் கோவில்பட்டிக்கும் உள்ள ஒற்றுமை ஆச்சரியமானது. இரண்டும் கரிசல். இரண்டிலும் வருடத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. இரண்டிலும் சோளம் விதைப்பது செப்டம்பர், அக்டோபரில். மழைக்காலம் முடிந்த பிறகும் மண்ணின் அடியில் தங்கிய ஈரத்தைக் குடித்தே கதிர் முற்ற வேண்டும்.

தேவ்நாரில் மராட்டியர் வீட்டில் ஜவாரி ரொட்டி சாப்பிட்டவர்களுக்கு மால்தண்டி என்ற பெயர் தெரிந்திருக்கும். கடையில் ‘மால்தண்டி ஜவாரி’ என்றால் விலை கூடுதல். அந்தச் சோளத்தின் புகழ்பெற்ற ரகமான எம்.35-1, சோலாப்பூருக்கு முந்திய மோகோல் என்ற சின்ன ஊரின் பண்ணையில் 1930-களில் தெரிந்தெடுக்கப்பட்டது. வெளிநாட்டு விதையில்லை. அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் விதைத்துக்கொண்டிருந்த நாட்டுச் சோளத்திலிருந்தே பொறுக்கி எடுத்தது. புதுப்புது ரகங்கள் எத்தனையோ வந்தும் அதை முழுதாக ஒதுக்கிவிட முடியவில்லை. காரணம், அது அந்த மண்ணுக்கும் அந்த மழைக்கும் பிறந்த பிள்ளை.

விதை தேர்வில் முதல் பாடம் இங்கேதான் இருக்கிறது. நல்ல விதை என்று பொதுவாக ஒன்று கிடையாது. இந்த மண்ணுக்கு, இந்தப் பருவத்துக்கு நல்ல விதை என்றுதான் உண்டு.

மலைக்கு அந்தப் பக்கம்

இதைப் புரிந்துகொள்ள ரயில் ஏறக்கூட வேண்டாம். தேவ்நாரிலிருந்து தெற்கே பார்த்தால் தெரிகிற டிராம்பே மலை போதும்.

மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது பாபா அணு ஆராய்ச்சி மையம். 1954-ல் அணுசக்தி நிலையமாகத் தொடங்கி, 1967-ல் பாபாவின் பெயரைப் பெற்றது. இந்த மையத்தைத் தமிழர்கள் மறக்க முடியாது. அதன் பக்கத்தில் இருந்த ஜனதா காலனியை 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில் காலிசெய்து, அங்கிருந்த பல்லாயிரம் பேரைச் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தக் கசப்பு இன்னும் பேச்சில் உண்டு.

அணு உலை, மதில், காவல் என்று மட்டும் அறியப்பட்ட அந்த இடத்துக்குள் கடலைச் செடியும் உளுந்துச் செடியும் வளர்ந்தன என்பது பலருக்குத் தெரியாது.

1950-களின் கடைசியில் அங்கே ‘ஸ்பானிஷ் இம்ப்ரூவ்ட்’ என்ற நிலக்கடலை விதைமேல் எக்ஸ்-ரே கதிரைப் பாய்ச்சினார்கள். மருத்துவமனையில் நெஞ்சைப் படம் பிடிக்கும் அதே வகைக் கதிர்தான், அளவு அதிகம். அந்த விதையை முளைக்கவைத்து, அதன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வரிசை வரிசையாக வளர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை உதவாதவை. சிலவற்றில் பருப்பு பெரிதாக வந்தது, சிலவற்றில் செடி குட்டையாக நின்று காய் அதிகம் பிடித்தது. அப்படிப் பொறுக்கியதில் டி.ஜி.-1 என்ற ரகம் 1973-ல் வெளிவந்தது. இந்தப் பணியில் முக்கியமானவர் எஸ்.எச்.பாட்டீல் என்ற விஞ்ஞானி. அகோலா விவசாயப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய டி.ஏ.யு.-1 என்ற உளுந்து 1985-லும், டி.ஏ.ஜி.-24 என்ற கடலை 1991-லும் வந்தன. பெயரில் ‘டி’ என்றால் டிராம்பே, ‘ஏ’ என்றால் அகோலா. அந்த உளுந்து மராட்டிய மாநிலத்தில் மிகப் பெரிய அளவில் பரவியது. தேவ்நார் கடையில் வாங்கி இட்லிக்கு அரைத்த உளுந்தில் இந்த மலைக்கு அந்தப் பக்கம் பிறந்ததும் இருந்திருக்கலாம்.

“அணுவில் வைத்த விதையா? விஷம் ஏறாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஏறாது. கதிர் விதைக்குள் புகுந்து வெளியே போய்விடும். எக்ஸ்-ரே எடுத்த நெஞ்சில் எக்ஸ்-ரே தங்குவதில்லை அல்லவா? அதைப் போலத்தான். விதையின் பரம்பரைக் குணத்தில் மாற்றம் மட்டும் மிஞ்சும். அதுவும் வயலுக்கு வருவதற்குள் எத்தனையோ தலைமுறை தாண்டிவிடும்.

டி.ஜி.-26 என்ற இன்னொரு கடலை ரகம் 1990-களின் நடுவில் வந்தது. அதில் ஒரு விசேஷம். சாதாரணக் கொத்துக் கடலை, பறிக்கும் சமயம் மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அறுவடையில் பாதி போகும். இந்த ரகத்து விதை முற்றிய பின் சுமார் 20 நாள் உறங்கும். அந்த 20 நாளில் மழை பெய்தாலும் முளைக்காது. பறிப்பு நேரத்தில் மழைக்குப் பயந்தவனுக்கு இது வரப்பிரசாதம். பறித்த கையோடு அடுத்த போகத்துக்கு விதைக்க நினைப்பவனுக்கு இதே குணம் தொந்தரவு. ஒரே குணம், ஒருவனுக்கு லாபம், ஒருவனுக்கு நஷ்டம்.

இதைப் படித்துவிட்டு, விடுமுறையில் போகும்போது மராட்டியத்துக் கடலை விதை 30 கிலோ வாங்கிப் பெட்டியில் கட்டிக்கொண்டு போக ஆசைப்பட வேண்டாம். விதர்பாவில் ஜூன் மழையில் விளைந்த ரகம், ஐப்பசி மழையில் எப்படி நடந்துகொள்ளும் என்பது விதைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆசை இருந்தால் கால் ஏக்கரில், ஊர் ரகத்துக்குப் பக்கத்திலேயே போட்டுப் பார்க்கலாம். முழு நிலத்தையும் ஒரு புதுப்பெயரை நம்பி ஒப்படைப்பது சூதாட்டம்.

மழையை அளந்து வயதைப் பார்

வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20-ந் தேதி வாக்கில் தொடங்கும். டிசம்பரில் ஓய்ந்துவிடும். கரிசலில் அதற்குப் பின்னும் சில வாரம் அடி ஈரம் இருக்கும். செவலில் அதுவும் குறைவு. இந்தக் காலத்துக்குள் அடங்குகிற வயதுள்ள பயிர்தான் வேண்டும்.

உளுந்து 65 முதல் 75 நாளில் வீடு வந்து சேரும். கம்பு மூன்று மாதம். சோளம் அதற்குச் சற்று மேல். ஆழமான கரிசல் உள்ளவர் சோளம், பருத்தி பார்க்கலாம். சரளை கலந்த மேட்டுச் செவலில் 110 நாள் பயிரை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பதைவிட, கம்போ பயறோ போட்டு முன்னதாக அறுப்பது மேல். கோவில்பட்டியில் உருவாக்கிய கே.8, கே.11, கே.12 போன்ற சோள ரகங்கள் இந்த மழையை மனதில் வைத்தே தேர்ந்தவை. தானியமும் வேண்டும், மாட்டுக்குத் தட்டையும் வேண்டும் என்கிற வீட்டுக்கு இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். கடையில் மட்டும் கேட்க வேண்டாம். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேட்க வேண்டும்.

வீட்டு விதையா, கடை விதையா என்ற சண்டை எல்லா ஊரிலும் உண்டு. இதற்குப் பயிரைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். உளுந்தும் கடலையும் தன் மகரந்தத்திலேயே கருக்கொள்பவை. நல்ல ரகம் ஒருமுறை வாங்கினால், கலப்பில்லாமல் பார்த்துக்கொண்டு நாலைந்து வருடம் வீட்டு விதையையே போடலாம். கம்பு அப்படியல்ல. பக்கத்து வயல் மகரந்தம் காற்றில் வந்து கலக்கும். மூன்றாம் வருடம் பார்த்தால் ஒரு கதிர் ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி. வீரிய ஒட்டு ரகம் என்றால் வீட்டில் விதை எடுக்கவே கூடாது. முதல் வருடம் ஒரே உயரத்தில் நின்ற பயிர், அதன் விதையைப் போட்டால் மறு வருடம் பல உயரத்தில் பல குணத்தோடு நிற்கும். இது தெரியாமல் ஒட்டுச் சோளத்தின் பெரிய கதிரை ஆசையோடு எடுத்து வைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

கடையில் வாங்கும்போது பையில் தைத்திருக்கும் அட்டையைப் பார்க்க வேண்டும். சான்று விதைக்கு நீல அட்டை. அதற்கு முந்திய ஆதார விதைக்கு வெள்ளை. உற்பத்தி செய்தவரே பொறுப்பேற்று விற்கும் விதைக்கு வெளிர்பச்சை. அட்டையில் ரகம், முளைப்பு, பரிசோதனைத் தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். 1966-ம் வருட விதைச் சட்டத்தின் கீழ் வருகிற விஷயம் இது. சோளம், கம்பு, உளுந்து மூன்றுக்கும் நூற்றுக்கு 75 முளைக்க வேண்டும். கடலைக்கு 70. பிரித்துக் கொட்டிய விதையை நிறுத்து வாங்கினால் இந்த உரிமை போய்விடும். அட்டையையும் ரசீதையும் அறுவடை வரை பத்திரமாக வைக்கச் சொல்லி வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். முளைக்காமல் போனால் கேட்பதற்கு அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

குலுக்கையும் அடுப்புப் புகையும்

விதை என்பது ஊரில் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்த விஷயம். வயலின் ஓரத்தை விட்டு நடுவில் போய், நோயில்லாத செடியில், முற்றிய கதிராகப் பார்த்து அறுப்பார்கள். அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டித் தொங்கவிடுவார்கள். பயறை வேப்பிலையோடும் சாம்பலோடும் கலந்து குலுக்கையில் கொட்டி வாயை மண்ணால் பூசி மூடுவார்கள். இதில் அறியாமை ஒன்றுமில்லை. விதைக்கு எதிரி ஈரமும் வண்டும்தான். புகையும் சாம்பலும் இரண்டையும் தடுத்தன.

இன்று காங்கிரீட் வீட்டில் காஸ் அடுப்பு. குலுக்கை போய்விட்டது. பிளாஸ்டிக் சாக்கில் அரைகுறையாகக் காய்ந்த உளுந்தைக் கட்டிச் சுவரோரம் வைத்தால் ஆறு மாதத்தில் ஓட்டை விழுந்த பயறுதான் மிஞ்சும். நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத தகர டின்னில் வைப்பது இன்றைக்கு ஏற்ற வழி. கடலையை மட்டும் தோலோடு வைக்க வேண்டும். விதைப்புக்குச் சில நாள் முன்புதான் உடைக்க வேண்டும். உடைத்த பருப்பு சீக்கிரம் முளைப்பை இழக்கும்.

நூறு விதைச் சோதனை

வீட்டு விதையோ கடை விதையோ, விதைப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் முன் ஒரு சோதனை செய்தாக வேண்டும். செலவு ஒரு காசும் இல்லை.

கையை மூட்டைக்குள் விட்டு மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்திலும் விதை எடுக்க வேண்டும். பொறுக்கக் கூடாது. நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். எண்ணி நூறு. ஈரச் சாக்கை விரித்துப் பத்துப் பத்தாகப் பத்து வரிசை வைத்து, பாய்போல் சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். நாலாம் நாள் ஒருமுறை, ஏழாம் நாள் ஒருமுறை எண்ண வேண்டும். கடலைக்கு இன்னும் மூன்று நாள் கூடுதல். வேரும் குருத்தும் ஒழுங்காக வந்ததை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேர் மட்டும் நீட்டிவிட்டுக் குருத்தில்லாமல் நிற்பது முளைத்ததாகாது.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். சோளத்துக்கு வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர் என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 60 ஆயிரம் செடி நிற்க வேண்டும். மானாவாரிக்கு ஏக்கருக்கு 6 கிலோ விதை போடுகிறோம். 6 கிலோவில் ஏறத்தாழ 2 லட்சம் விதை இருக்கும். ஒரு செடி நிற்க மூன்று விதைக்கு மேல் போடுகிறோம்! எறும்புக்கும் குருவிக்கும் ஈக்கும் களைத்து எடுப்பதற்கும் சேர்த்துத்தான் இந்தத் தாராளம். நூற்றுக்கு 75 முளைத்தால் இந்தக் கணக்கு சரி. 60 முளைத்தால் 6 கிலோவுக்குப் பதில் ஏழரைக் கிலோ போட வேண்டும். 50-க்குக் கீழே போனால் எத்தனை கிலோ போட்டாலும் வேலைக்காகாது. ஈரச் சாக்கில் தட்டுத்தடுமாறி முளைத்த விதைக்கு, இரண்டங்குல மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும் பலம் இருக்காது. அந்த விதை மாட்டுக்கு.

கம்பில் இன்னொரு சோதனை. 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால், தேன் ஒழுகல் நோய் பிடித்ததும் சாவியும் மிதக்கும். அவற்றை அரித்து எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். கழுவாமல் விட்டால் உப்பே விதையைக் கெடுத்துவிடும்.

மழைக்கு முன்பே விதைப்பு

மழை பெய்து, பதம் பார்த்து, பிறகு விதைப்பதுதான் முறை என்று நினைப்போம். கரிசலில் இதில் ஒரு சிக்கல். மழை பெய்தால் மண் காலைப் பிடிக்கும். மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. நாலைந்து நாள் காத்திருந்து இறங்கினால் மேல் ஈரம் காய்ந்திருக்கும். நடுவில் மறுபடி மழை பிடித்தால் இன்னும் ஒரு வாரம் போகும்.

அதனால்தான் கோவில்பட்டிப் பகுதியில் சோளத்தையும் பருத்தியையும் பருவமழைக்கு முன்பே, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைக்கச் சொல்கிறார்கள். சால் பிடித்து 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதை விழ வேண்டும். இந்த ஆழம்தான் சூட்சுமம். சின்னத் தூறலுக்கு அந்த ஆழம் நனையாது, விதையும் ஏமாந்து முளைக்காது. 25 மில்லிமீட்டர் போல ஒரு நல்ல மழை பெய்தால்தான் ஈரம் விதைவரை இறங்கும். அந்த மழைக்கு முளைத்தால் பிழைக்கும். மேலாக விதைத்தால் தூறலுக்கு முளைத்து, அடுத்த வெயிலில் கருகிவிடும். கையால் வீசி விதைத்தால் ஒன்று மேலே கிடக்கும், ஒன்று ஆழத்தில் போகும். தக்காணத்தில் குடியானவர்கள் ‘பாபர்’ என்ற விதைக்கும் கருவியை மாட்டில் பூட்டி வரிசையாக விதைத்த காரணமும் இதுதான்.

இப்படி விதைப்பதற்கு விதையைக் கடினப்படுத்த வேண்டும் என்பார்கள். சோளத்துக்கு, லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் என்ற உப்பைக் கரைத்து, கிலோ விதைக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர் அளவில் ஊற்றிச் சுமார் 6 மணி நேரம் ஊறவைத்து, பிறகு நிழலில் பழையபடி காயவைப்பது. விதை முளைக்கத் தயாராகி, நின்றுவிடுகிறது. மழை பட்டதும் முந்திக்கொண்டு எழும். வறட்சியையும் சற்றுத் தாங்கும். வெயிலில் காயவைத்தால் எல்லாம் வீண்.

இதிலும் ஆபத்து இல்லாமலில்லை. மழை மூன்று வாரம் தள்ளிப்போனால் எறும்பு தின்னும். அதனால் முழு நிலத்தையும் ஒரே நாளில் விதைக்காமல், பாதியை மழைக்கு முன்பும் பாதியை மழைக்குப் பின்பும் போடுகிற குடும்பங்கள் உண்டு. கெட்டிக்காரத்தனம்தான். உளுந்தை மழைக்குப் பிறகு பதத்தில் போடுவதே நல்லது. ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி நிழலில் உலர்த்திப் போட்டால் வேர்முடிச்சு நன்றாகப் பிடிக்கும்.

எழும்பிய பின் 20 நாள்

முளைத்தாயிற்று என்று கையைக் கழுவக் கூடாது. பத்து நாளுக்குள் சந்து விழுந்த இடத்தில் விதை ஊன்ற வேண்டும். அதற்குப் பின் ஊன்றினால் பெரிய செடியின் நிழலில் அது தலையெடுக்காது. மூன்றாம் வாரத்துக்குள் நெருக்கத்தைக் களைத்துவிட வேண்டும். களைப்பதற்கு மனம் வராது. பச்சைப் பயிரைப் பிடுங்குவதா என்று தோன்றும். ஆனால் இருக்கிற ஈரத்தை 60 ஆயிரம் செடி குடித்தால் கதிர் வரும். ஒரு லட்சம் செடி குடித்தால் தட்டை மட்டும் வரும்.

சோளத்துக்கு இந்த வயதில் வரும் சத்துரு குருத்து ஈ. முளைத்த முதல் நான்கு வாரம்தான் அதன் ஆட்டம். நடுக்குருத்து காய்ந்துபோகும், இழுத்தால் கையோடு வரும். முன்னால் விதைத்தவன் வயலில் பெருகிய ஈ, பின்னால் விதைத்தவன் வயலில் வந்து இறங்கும். ஊரே ஒரு வாரத்துக்குள் விதைத்தால் சேதம் குறைவு. ஊருக்கு முந்தி விதைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஊருக்குப் பிந்தி விதைக்கக் கூடாது.

லீவு எப்போது?

தேவ்நார்த் தமிழர் ஊருக்குப் போவது தீபாவளிக்கு அல்லது பொங்கலுக்கு. சிலர் மே மாதம், பிள்ளைகள் பள்ளி விடுமுறையில். புரட்டாசியில் லீவு போடுகிறவர் குறைவு. கொடுக்கிற மேலாளரும் குறைவு. பண்டிகை நேரத்தில் போனால் பயிர் முழங்கால் உயரம் நிற்கும். இருப்பதைப் பார்க்கலாம், இல்லாததைத் திருத்த முடியாது.

பத்து நாள் லீவில் மூன்று நாளைப் புரட்டாசிக்கு ஒதுக்க முடிந்தவர்கள் ஒதுக்கலாம். முடியாதவர்களுக்குக் கையில் போன் இருக்கிறது. ஆவணி கடைசியில் வீட்டாரைக் கூப்பிட்டு, சாக்கை நனைத்து நூறு விதையைச் சுருட்டி வைக்கச் சொல்லலாம். எண்ணிக்கை வந்த பிறகு பணம் அனுப்பலாம்.

“ஏம்மா, எண்ணிப் பாத்தியா?”

“பாத்தேன்யா. ஏழு நாளாச்சு. நூத்துக்கு நாப்பத்தி மூணு. போன வருசத்து வெதை, அதான்.”

“அப்ப அத மாட்டுக்குப் போட்டுரும்மா. நீல அட்டை போட்ட வெதையா வாங்கு. நாளைக்கே பணம் அனுப்புறேன்.”

“உரத்துக்குய்யா?”

“பயிரு எழும்பட்டும்மா. பெறகு உரம் வாங்கிக்கிடலாம்.”